கரண்ட் நின்றால் பிறிஜ்ஜில் இருப்பதை என்ன செய்வது?



2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு ஒரு சகோதரி எனக்கு எழுதியிருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். கடனுக்கு ஒரு பிறிஜ் எடுத்து ஐஸ்பழமும் யோகட்டும் செய்து பள்ளிக்கூடத்தடியில் விற்கிறார். புயலில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. உள்ளே இருந்த மீன், பால், ஐஸ்பழம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா, அல்லது நன்றாகக் காய்ச்சி எடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தார்.

கொட்டிவிடுங்கள் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சாமானோடு அந்த மாதத் தவணையும் சேர்ந்து போகிறது என்பதை நான் அறிவேன். ஆகவே எதைக் கொட்ட வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் மணித்தியாலக் கணக்கு. கதவைத் திறக்காமல் வைத்தால் பிறிஜ்ஜின் கீழ்ப்பகுதி ஏறக்குறைய 4 மணித்தியாலம் குளிராக இருக்கும். மேலே உள்ள ஐஸ் பெட்டி தனிக் கதவுள்ளதாகவும் நிறைந்தும் இருந்தால் 48 மணித்தியாலம் வரை, பாதி நிறைந்திருந்தால் 24 மணித்தியாலம் வரை தாங்கும். இது நல்ல நிலையில் உள்ள பிறிஜ்ஜுக்கான கணக்கு. கதவு றப்பர் தேய்ந்திருந்தால் இவ்வளவு தாங்காது. ஒரு கடதாசியைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். சுலபமாக வழுக்கி வந்தால் றப்பர் சரியில்லை. பிள்ளைகள் சும்மா திறந்து பார்க்கும் பழக்கத்தையும் அந்த நாட்களில் நிறுத்த வேண்டும். ஒரு கயிற்றால் கைபிடியைக் கட்டிவிட்டால் ஞாபகம் இருக்கும்.

புயல் எச்சரிக்கை வானொலியில் கேட்டவுடனே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. வெறும் பிளாஸ்ரிக் போத்தல்களில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி ஐஸ் பெட்டியில் வையுங்கள். அது உறைந்தால் பெட்டியும் நிறையும், பிறகு குடிக்கவும் ஆகும். கரண்ட் நின்றதும் இரண்டு போத்தலைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் பாலுக்கும் கறிக்கும் கொஞ்ச நேரம் கூடக் கிடைக்கும். மீன்காரர் வைத்திருக்கும் றெஜிபோம் பெட்டி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. வியாபாரம் செய்கிறவர்கள் அன்றைக்குப் புதிதாக எதையும் செய்யாமல், இருப்பதை இலாபம் பாராமல் விற்று முடிப்பதே புத்தி. அந்த மழைக்குள் மீனைக் கருவாடு போடவும் வெயில் இருக்காது.

இன்னொரு சின்ன வேலை. ஒரு கோப்பையில் தண்ணீர் உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துவிடுங்கள். நீங்கள் இடம்பெயர்ந்து உறவினர் வீட்டிலோ பாடசாலையிலோ தங்கி வந்தால், அந்தக் குற்றியே நடந்ததைச் சொல்லும். அது மேலேயே இருந்தால் ஐஸ் உருகவில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. கரண்ட் வந்து மறுபடி கல்லாகிவிட்ட மீனைக் கண்ணால் பார்த்து நம்ப முடியாது.

காய்ச்சினால் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. சூடு கிருமியைக் கொல்லும். சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சை அது ஒன்றும் செய்யாது. மிஞ்சின சோற்றில் உண்டாகும் நஞ்சு அப்படிப்பட்டது. சூரை, அறக்குளா போன்ற மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஒரு நஞ்சு உண்டாகிறது. எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். மணந்து பார்த்தும் தெரியாது.

ஆகவே குளிர் போய் 2 மணித்தியாலத்துக்கு மேலான இறைச்சி, மீன், சமைத்த கறி, சோறு, பால், தேங்காய்ப்பால் விட்ட சொதி, தேங்காய்ச் சம்பல் எல்லாவற்றையும் கொட்டுங்கள். நல்ல வெக்கையான நாளென்றால் 1 மணித்தியாலந்தான். ஐஸ் பெட்டி மீனில் இன்னும் ஐஸ் துகள்கள் தெரிந்தால் உடனே சமைக்கலாம், அல்லது திரும்ப உறைய வைக்கலாம். உருகிய ஐஸ்பழத்தையும் ஐஸ்கிறீமையும் திரும்ப உறைய வைத்து விற்காதீர்கள். அதை வாங்கிக் குடிப்பது உங்கள் பிள்ளையோடு படிக்கும் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் பிறகு அந்த இடத்தில் நீங்கள் கடை போட முடியாது.

கொட்டத் தேவையில்லாதவையும் நிறைய. மாஜரின், ஜாம், ஊறுகாய், வினாகிரி சேர்ந்தவை, மிளகாய்த்தூள், வெட்டாத மரக்கறி, பழம், புளி எல்லாம் இருக்கட்டும். மாவும் பருப்பும் பிறிஜ் இல்லாமலே இருப்பவை. 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்காகச் சமைத்தவர்கள்தானே நாங்கள். அப்போது எங்கள் வீட்டுப் பிறிஜ், புத்தகம் அடுக்கும் அலுமாரியாக இருந்தது. அந்த நாள் முறைதான் புயல் நாளுக்கும் சரி: ஒரு நேரத்துக்கு அளவாகச் சமைத்து அந்த நேரமே முடிப்பது. குழந்தைக்குக் கரைக்கும் பால்மாவும் அப்படியே. ஒரு தரத்துக்கு மட்டும் கரையுங்கள், மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறவர் இருந்தால் பயப்பட வேண்டாம். பாவிக்கும் குப்பி 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய 4 கிழமை இருக்கலாம். பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, குப்பியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து நிழலில் விடுங்கள். ஐஸோடு ஒட்ட வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பிறகு உதவாது.

யாருக்காவது வயிற்றோட்டம் கண்டால் ஒரு ஜீவனி பைக்கற்றைக் கொதித்து ஆறிய 1 லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரத்தம் போனாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்ப வரும்போது மின்னழுத்தம் கூடிக் குறைந்து மோட்டரைப் பழுதாக்கும். வந்தபின் 10 நிமிடம் பொறுத்துப் போடுங்கள். வெள்ளம் ஏறும் வீடென்றால் முன்கூட்டியே பிறிஜ்ஜைச் சீமெந்துக் கல்லின்மேல் ஏற்றி வையுங்கள். வெள்ளம் அடியைத் தொட்டிருந்தால், காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் மின் வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை பிளக்கைப் போட வேண்டாம். வெள்ளத்தண்ணீர் பட்ட சாப்பாடு பொலித்தீனில் சுற்றியிருந்தாலும் ஆகாது. மூடி நசியாத தகர மீன் மட்டும் ஆகும். அதையும் சவர்க்காரத்தால் கழுவி, குளோரின் கலந்த தண்ணீரில் அலசிய பின்பு வெட்டுங்கள்.