பழி யாருக்கு?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு வீட்டில் காணொளி விளையாட்டுச் சாதனம் சூடாகி நின்றுவிட்டால், முதலில் திட்டு வாங்குபவர்கள் பிள்ளைகள்தாம். "ஓயாமல் விளையாடியதன் விளைவு" என்பர் பெற்றோர். எல்லா வேளையிலும் இப்பழி பொருந்தாது.

எக்ஸ்பாக்ஸ் 360 சாதனங்கள் பலவற்றில் வெப்பம் ஏறி இறங்கியதால் உள்ளிணைப்புகள் முறிந்தன. சிவப்பு விளக்குகள் ஒளிர்ந்தன. 2007இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, 100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஒதுக்கியது. குறை தயாரிப்பில் இருந்தது.

சாதனத்தை மூடிய அலமாரியில் அடைக்காமல், காற்றுத் துளைகளில் தூசு சேராமல் காப்பது பயனீட்டாளரின் கடமை. தரமான பொருளை வழங்குவது விற்பவரின் கடமை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. எனவே, பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் தேடி எடுப்பதே சிறப்பு.