புது சிஸ்டரை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்

பென்னலூர்க்காரர்களுக்கு ஷிஃப்ட் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போகும் கம்பெனி பஸ்களை வைத்தே மணி சொல்கிற ஊர் இது. அந்தப் பஸ்களுக்குக் காத்திருக்கும் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, டிபன் பையோடு நிற்கும் சில பெண்களைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. தண்டலம், பூந்தமல்லி, போரூர் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் நர்ஸ்கள். பலர் இப்போதுதான் படிப்பை முடித்தவர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வெளிமாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கியிருப்பவர்கள்.

எங்கள் வீட்டு மாடியில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் சின்னவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் ஓயாமல் பேசுவாள். கொஞ்ச நாளில் படியேறும்போது சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

“தூங்கப் போனா மானிட்டர் அலாரம் அடிக்கிற மாதிரியே இருக்குக்கா. எழுந்து பாத்தா ஒண்ணுமில்ல. ஓவர் குடுத்துட்டு பஸ் ஏறின பிறகும், அந்தக் கடைசி பெட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டேனா இல்லையான்னு வார்டுக்கு போன் பண்ணிக் கேப்பேன். போட்டிருப்பேன்க்கா. எப்பவும் போட்டிருப்பேன். ஆனா கேக்காம இருக்க முடியல.”

சேர்ந்த இரண்டாவது வாரமே நைட் டூட்டியில் வார்டைத் தனியாகப் பார்க்க விட்டுவிட்டார்களாம். சீனியர் ஒருவர் உண்டு. அவர் இரண்டு மாடிக்குப் பொது. காலையில் ரிலீவர் வராவிட்டால் இவளுக்கே டபுள் டூட்டி.

கம்பெனியில் புதிதாகச் சேரும் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் சில நாளாவது பழைய ஆள் ஒருவர் நிற்பார். லைன் எந்த வேகத்தில் ஓடும் என்பது முன்பே முடிவானது. ஓ.டி. பார்த்தால் இரட்டைக் கூலி என்று சட்டம் சொல்கிறது. எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை; ஒப்பந்தத் தொழிலாளரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. ஆனாலும் ஒரு ஆளால் இவ்வளவுதான் முடியும் என்ற கணக்கு அங்கே இருக்கிறது. அதனால்தான் அதை வைத்துச் சண்டை போடவும் முடிகிறது. வார்டில் ஐந்து பெட் நிறைந்தாலும் பதினைந்து பெட் நிறைந்தாலும் அதே சிஸ்டர்தான்.

ஏட்டில் கணக்கு இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் வரையறைப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். மாடிப் பெண்ணிடம் சொன்னேன். “பரீட்சைல எழுதியிருக்கேன்க்கா” என்றாள்.

அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அந்த நர்ஸ் பர்ன் அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. சிஸ்டரின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருபவை. கலிஃபோர்னியா மாநிலம் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999இல் சட்டமே இயற்றி, 2004இல் அமலுக்குக் கொண்டுவந்தது.

இங்கே நாம் கையாளும் வைத்தியம் வேறு. மே 12 வந்தால் நர்ஸ் தினக் கேக். நடுவில் ஒரு யோகா வகுப்பு, மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சொற்பொழிவு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. அழுத்தம் ரோஸ்டரில் இருக்கும்போது அந்தப் பெண்ணை மூச்சை இழுத்துவிடச் சொல்லி என்ன பயன்?

சம்பளத்தையும் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் தொடர்பாக 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் என்றது. அரசே எப்படி நடந்துகொண்டது? தேர்வெழுதி 2015இல் ஒப்பந்த வேலைக்கு வந்த நர்ஸ்கள், மாதம் 7,700 ரூபாயை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எழுந்து டூட்டிக்குப் போனார்கள்.

சட்டமும் சம்பளமும் வரும்போது வரட்டும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிதாக வரும் சிஸ்டரை முதல் மூன்று மாதம் ரோஸ்டரில் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவள் வார்டில் இருக்கட்டும், வேலை செய்யட்டும். ஆனால் அவள் இல்லாவிட்டாலும் அந்த ஷிஃப்டுக்கு ஆள் போதும் என்ற நிலை இருக்க வேண்டும். நைட்டில் அதே வார்டில் ஒரு சீனியர் இருக்க வேண்டும். படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டாளே என்பார்கள். மாணவியாக நிற்பதும், மருந்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போடுவதும் ஒன்றல்ல. மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர், கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் கண்டதற்கும் நடுவில் புது நர்ஸ்கள் அதிர்ந்துபோவதைப் பற்றி 1974லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

நிர்வாகங்கள் ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்லும். வருடா வருடம் பலர் வளைகுடாவுக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ கிளம்ப, திரும்பத் திரும்பப் புது ஆளை எடுத்துக் கொண்டிருப்பது மட்டும் கட்டுப்படியாகிறதா? ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டால் ஆள் தங்கும். வேலையில் மனசு தங்குமா?

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ஒருவரை அட்மிட் செய்யும்போது எந்த டாக்டர், ரூம் வாடகை எவ்வளவு, இன்ஷூரன்ஸ் செல்லுமா என்று எல்லாம் கேட்கிறோம். அதோடு இன்னொன்றும் கேட்போம்: ‘இன்று ராத்திரி இந்த வார்டுக்கு எத்தனை சிஸ்டர்? அதில் புதுசு எத்தனை?’ கவுன்ட்டரில் பதில் கிடைக்காது. நாலு பேர் கேட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நாற்பது பேர் கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கவலையாகிவிடும்.