விரிசல் சொன்னதும் முதலாளி சொன்னதும்

வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே வங்கியும் கடைகளும். மேலே ஐந்து தையல் ஆலைகள். 2013 ஏப்ரல் 23-ந் தேதி அதில் பெரிய விரிசல்கள் கண்டன. வந்து பார்த்த இஞ்சினீயர், உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்றார். வங்கி தன் சிப்பந்திகளை வெளியேற்றியது. கடைகள் மூடப்பட்டன. தையல் தொழிலாளரை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டினார்கள். மின்சாரம் நின்றது. மேல் மாடிகளில் ஜெனரேட்டர்கள் ஓடின. கட்டடம் சரிந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கிக்கு அது ஆபத்து. ஆலை முதலாளிக்கு ஆர்டர் முடிக்க இடைஞ்சல், அவ்வளவுதான்!

அரசாங்க விசாரணையில் காரணங்கள் வெளிவந்தன. குளத்தைத் தூர்த்த நிலம், மட்டமான சாமான், அனுமதியில்லாமல் ஏற்றிய மாடிகள், கடைகளுக்கென்று கட்டிய இடத்தில் கனத்த இயந்திரங்கள், அவற்றின் அதிர்ச்சி. இவற்றில் எது தெய்வச் செயல் என்று கேட்கிறோம்.

கான்கிரீட் காரணமில்லாமல் வெடிப்பதில்லை. பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் உலர்ந்ததால் வருவது. கம்பி போகும் வழியே நீளமாகப் பிளந்து பழுப்புக் கறை கசிந்தால் உள்ளே கம்பி துருவேறுகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிவிடும். தொகுப்பு வீட்டுக் கூரையில் காரை விழுந்து கம்பி பல்லிளிப்பதைப் பார்த்த விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே சிமெண்டு பூசி வெள்ளையடித்தால் துரு நிற்காது, கண்ணுக்கு மறையும். உத்தரத்தில் தூணை ஒட்டிச் சாய்வாக வெடித்தாலோ, தூணே பிளந்தாலோ பாரம் மிஞ்சிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது நின்று ஆராயக் கூடாது. முதலில் வெளியே வரவேண்டும்.

மற்ற விரிசல்களுக்குக் கொத்தனார்கள் அறிந்த வழி உண்டு. குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது.

சவார் சாவுகளுக்குப் பின், 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களும் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கலாம், அதற்காகக் கூலி பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதப்பட்டது. நமது சங்கங்களும் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இதையும் சேர்க்க வேண்டும்: தூணோ உத்தரமோ வெடித்தால், காரணம் கண்டறியப்படும் வரை சம்பளத்துடன் வெளியே, இஞ்சினீயரின் அறிக்கை ஆலை வாசலில், தமிழில்.