ஒரு நாள் டூர்: தஞ்சாவூருக்குக் காலையிலேயே கிளம்புங்க!

தஞ்சாவூருக்கு ஒரே நாளில் போய்வரும் பல குடும்பங்கள் செய்கிற தவறு, பெரிய கோயிலுக்கு மதியம் போய்ச் சேர்வதுதான். நண்பகலை ஒட்டி நடை சாத்தினால், மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டிய கல் தரையும் கொதிக்கும். தாத்தா, பாட்டி, குழந்தைகளுக்கு அந்த நாளே வீண்.

அதனால் காலை 7 மணிக்கெல்லாம் கோயிலில் இருங்கள். 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயில் இது. விமானம் சுமார் 216 அடி உயரம். செல்ஃபி எடுத்த கையோடு கல்வெட்டுகளையும் பாருங்கள். இங்கே ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களைக்கூட ராஜராஜன் பொறித்து வைத்திருக்கிறான்.

10 மணிக்கு மேல் அரண்மனை. ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் விரிவாக்கிய இடம். கலைக்கூடத்தில் சோழர் கால வெண்கலச் சிலைகளையும், சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் பழைய சுவடிகளையும் பார்க்கலாம். விடுமுறை நாளா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

‘அப்படியே தாராசுரமும் போகலாமே’ என்று யாராவது சொல்வார்கள். போகவே ஒரு மணி நேரம் ஆகும். வயதானவர்கள் கூட வந்திருந்தால், அதை அடுத்த பயணத்துக்கு வையுங்கள். சாப்பிட்டு, ஓய்வெடுத்து, மாலை வெயிலில் விமானத்தை இன்னொரு முறை பாருங்கள். குட்டீஸுக்குத் தலையாட்டி பொம்மை வாங்க மறக்காதீர்கள்!