உங்கள் கேரக்டருக்கு ஊர் எது?

எழுத்தாலேயே ஆடும் ரோல்பிளே கேம்களில் படமும் இல்லை, சத்தமும் இல்லை. நீங்கள் டைப் செய்வதுதான் கேம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' கேமும் இப்படித்தான். ஆகவே கேரக்டர் ப்ரொஃபைல்தான் உங்கள் முகம்.

மணலியில் எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் அக்கா மகன் எழுதியிருந்த ப்ரொஃபைலைப் பார்த்தேன். பெயர் டார்க் லார்ட். வயது ஆயிரம். சாவு கிடையாது, பயம் கிடையாது. இப்படிப்பட்டவனோடு எதிரில் ஆடுபவர் என்னதான் செய்வார்? அடித்தாலும் விழமாட்டானே! இரண்டு நாளாக யாரும் ஆட வரவில்லை.

"நம்ம ஊர் ஆளை எழுதேன்" என்றேன்.

"மணலியில என்ன மாமா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ரிஃபைனரி புகைபோக்கியில் எரியும் தீயைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையன் கேட்கிற கேள்வியா இது?

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். டேங்கர் லாரி கிளீனர், வயது 19. வாசனையை வைத்தே பெட்ரோலா டீசலா என்று சொல்லிவிடுவான். வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எர்ணாவூர் வீட்டுக்குள் எண்ணெய்த் தண்ணீர் புகுந்ததிலிருந்து மழை என்றாலே பயம். (ஊர் நம்முடையதாக இருக்கட்டும். ஆனால் சொந்தப் பெயர், பள்ளி, போன் நம்பர் வேண்டவே வேண்டாம்.)

அன்றிரவே ஒருவர் கேட்டார்: "மழை வருது, லாரியை எங்கே நிறுத்துவே?"

பதில் டைப் செய்ய அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.