சமூக சேவையென்னும் புள்ளிக்கணக்கு

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பாடவிதானங்களில் அண்மைக்காலமாகச் செல்வாக்குப் பெற்றுவரும் சொற்றொடர்கள் இரண்டு. ஒன்று அனுபவவழிக் கற்றல். மற்றது சமூக சேவைச் செயற்றிட்டம். விரிவுரை மண்டபத்துள் அடைபட்டுக் குறிப்பெழுதி, அக்குறிப்பையே பரீட்சைத் தாளில் மீள ஒப்புவிக்கும் கல்விக்கு இவை மருந்தெனக் கூறப்படுகின்றன. நோய் உண்மையானதே; மனனக் கல்வியின் வறுமையை உணராத மாணவர் எவரும் இலர். ஆயின், தரப்படுவது மருந்துதானா என்பதே ஈண்டு எழும் வினா. இன்று பெரும்பாலும் நடைபெறும் வடிவில் சமூக சேவைச் செயற்றிட்டம் சேவையுமன்று, கல்வியுமன்று. மக்களின் வாழ்வை மாணவரின் புள்ளியாக மாற்றும் கணக்கு முறையொன்றே அது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

அத்தகைய செயற்றிட்டம் ஒன்றின் வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. பருவ இறுதி நெருங்கும்போது மாணவர் குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். நகரத்து வர்த்தகரிடம் நன்கொடை திரட்டப்படுகின்றது. சனிக்கிழமை காலை பஸ் வண்டியொன்று கிராமத்தையோ தோட்டத்தையோ சென்றடைகின்றது. முன்பள்ளியின் சுவருக்கு வர்ணம் பூசப்படுகின்றது. பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகளும் புத்தகப் பைகளும் வழங்கப்படுகின்றன. பதாகையின் பின்னால் அனைவரும் நிற்கப் படம் எடுக்கப்படுகின்றது. பொழுது சாயுமுன் பஸ் திரும்பிவிடுகின்றது. பின்னர் அறிக்கை எழுதப்படுகின்றது. 'இச்செயற்றிட்டத்தால் எமது தலைமைத்துவப் பண்பு வளர்ந்தது' என்னும் வாக்கியம் அதில் தவறாது இடம்பெறும். வர்ணம் பூசிய சுவரின் மேலுள்ள கூரை ஒழுகுகின்றதா, அப்பள்ளியின் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், அது ஒழுங்காகக் கொடுக்கப்படுகின்றதா என்பன அவ்வறிக்கையில் இடம்பெறுவதில்லை. அவற்றைக் கேட்குமாறு எவரும் மாணவரைப் பணிக்கவுமில்லை.

கணக்கு முறை என்றது வெறும் உருவகமன்று. 2012ஆம் ஆண்டில் அறிமுகமான இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, கற்பிக்கப்படும் பாடமொன்றின் ஒரு கிரெடிற் மாணவர் செலவிடும் 50 மணித்தியாலங்களைக் குறிக்கும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 120 கிரெடிற்றுகள் வேண்டும். மாணவரின் உழைப்பை மணித்தியாலத்தால் அளப்பதில் தவறில்லை. ஆனால் வினாக்கொத்தை நிரப்புவதற்காக நின்று விடை சொன்ன கொழுந்து பறிக்கும் பெண்ணின் நேரம் எங்கே பதியப்படுகின்றது? குறித்த கிலோ நிறைவுறாவிடின் தோட்டத்தில் 'அரைப்பேர்' போடப்படும் என்பதை அறியாத மாணவர், வேலை நாளிலே அவளை அரைமணி நேரம் மறித்துவைத்துக் கேள்வி கேட்கின்றார். மாணவருக்கு அவ்வரைமணி நேரம் புள்ளி. அவளுக்கு அது நிறுவையிற் குறையும் கொழுந்து.

அனுபவவழிக் கற்றலின் மூலவர்களாகக் குறிப்பிடப்படுவோரும் இந்நடைமுறைக்குத் துணைநிற்பாரல்லர். அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டூயி 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அனுபவமும் கல்வியும்' என்னும் நூலில், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடுவதில்லை என்பதையும், மேலும் அறியும் வேட்கையை மழுங்கச் செய்யும் அனுபவங்களும் உள என்பதையும் வற்புறுத்தினார். டேவிட் கோல்ப் 1984இல் வகுத்த சுழற்சியில் நேரடி அனுபவம் நான்கு படிகளுள் ஒன்றேயாகும். அதனைத் திரும்பி நோக்கல், அதிலிருந்து கருத்தாக்கம் பெறல், அக்கருத்தை மீண்டும் நடைமுறையிற் பரிசோதித்தல் என்பன ஏனைய மூன்று. ஒரே நாளிற் போய்த் திரும்பும் குழுவிற்கு நான்காம் படி எக்காலத்தும் வாய்ப்பதில்லை. கண்டதைத் தவறாக விளங்கிக்கொண்டோமா என மீளச் சென்று சோதிக்க இயலாத மாணவர், தாம் கொண்டுசென்ற முற்கற்பிதத்தையே உறுதிப்படுத்திக்கொண்டு திரும்புகின்றார். 'ஏழைகளாயினும் எவ்வளவு மகிழ்ச்சியாக வாழ்கின்றார்கள்' என்னும் வியப்புரை அவ்வாறு பிறந்ததே.

மலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவருக்கு மிக அண்மையிலுள்ள சமுதாயம் பெருந்தோட்டத் தொழிலாளர் சமுதாயமாகும். ஹந்தானைச் சரிவின் தேயிலை பேராதனை வளாகத்திற்கு அயலிலேயே உள்ளது. அச்சமுதாயத்தை உதவி பெறும் கூட்டமாகக் காண்பது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களின் உழைப்பே பல தசாப்தங்களாக இந்நாட்டின் அந்நியச் செலாவணியின் பெரும்பகுதியை ஈட்டித் தந்தது. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகமும், 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அவ்வருவாயில் தங்கியே வளர்ந்தன. ஆயின் தோட்டப் பாடசாலைகளோ அவ்விலவசக் கல்வி அமைப்புக்கு வெளியிலேயே விடப்பட்டன; அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலும் அதன் பின்னருமே. இதில் கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார் என்பது தெளிவு. கடன் கொடுத்தவரின் பேரப்பிள்ளைக்கு ஒரு கொப்பியை நீட்டிப் படமெடுத்துக்கொள்வது தருமமாகாது.

சுவருக்கு வர்ணம் பூசும் மாணவர் அச்சுவர் யாருடையது எனக் கேட்பாராயின், அவ்விடத்திலேயே கல்வி தொடங்கும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. தோட்டம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயத்தில் வாழ்ந்தவர் லயத்திலேயே இருந்தனர். நிலம் அவர்க்கு உரித்தாகவில்லை. பிற்காலத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் எழுந்து வீடுகள் சில கட்டப்பட்ட பின்னரும் பெருந்தொகையினர் லயங்களிலேயே உள்ளனர். தனி முகவரியில்லாத லயத்துக்குரிய கடிதம் தோட்டக் காரியாலயத்தின் வழியே வந்து சேர்கின்றது. சில வேளைகளிற் சேராமலும் போகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை மலைச்சரிவுகளை நிலைகுலையச் செய்தபோது, எங்கே குடியிருப்பது என்பதைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை இல்லாமை உயிராபத்தாகவும் முடியும் என்பது வெளிப்பட்டது. பொருளியல், புவியியல், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகள் அனைத்திற்கும் இங்கே ஓராண்டுக்குப் போதிய பாடம் உண்டு. வர்ணப்பூச்சு அப்பாடத்தை மறைத்துவிடுகின்றது.

சேவைக்குச் செல்லும் மாணவரைப் பற்றிய கடுமையான விமர்சனத்தை இவான் இல்லிச் 1968ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் குவெர்னவாக்காவில் முன்வைத்தார். இலத்தீன் அமெரிக்கக் கிராமங்களிற் பணியாற்ற முனைந்த அமெரிக்க மாணவரையே அவர் விளித்துப் பேசினார். பார்க்கவும் கற்கவும் வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். மக்களின் மொழியே தெரியாதவர், தாம் செய்வது நன்மையா தீமையா என்பதைக்கூட அறியமாட்டார் என அவர் வாதிட்டார். அக்கூற்று மிகைபட்டதெனச் சிலர் கருதலாம். உதவும் உழைப்புக்கு இந்நாட்டிலேயே வேறொரு மரபும் உண்டு. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் கனத்தொலுவ என்னும் கிராமத்தில் நடத்திய முகாமிலிருந்தே சர்வோதய இயக்கம் தோன்றிற்று. சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த மக்களோடு அம்மாணவர் தங்கி உழைத்தனர். சிரமதானம் என்ற சொல்லுக்கு அன்றிருந்த பொருள் அதுவே. இன்று எஞ்சியிருப்பது சொல் மட்டுமே.

பல்கலைக்கழக மரபினுள்ளும் முன்மாதிரிகள் உள. பிற்காலத்தில் உலகறிந்த மானிடவியலாளரான எஸ். ஜே. தம்பையா, என். கே. சர்க்காருடன் இணைந்து பாததும்பறைக் கிராமங்கள் பற்றி எழுதிய ஆய்வறிக்கை 1957இல், 'சிதைவுறும் கிராமம்' எனப் பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கண்டிக் கிராமம் தன்னிறைவுடையது என்ற இனிய கற்பனை, நிலமின்மை பற்றிய அதன் விவரங்களின் முன் நிலைக்கவில்லை. 1956 ஜூனில் அவர் சிங்கள, தமிழ் மாணவருடன் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்திற்குக் கள ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தபோதே அங்கு இனக்கலவரம் மூண்டது. அரசியலை வெளியே நிறுத்திவிட்டு ஆய்வை மட்டும் நடத்தத்தக்க களம் இந்நாட்டில் இல்லை என்பதை அம்மாணவர் விரிவுரையிலிருந்து கற்கவில்லை.

பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் காட்டிய வழி மற்றொன்று. 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' ஆகிய கூத்துகள் பல்கலைக்கழக மாணவரால் மேடையேற்றப்பட்டன. அம்முயற்சியில் மட்டக்களப்பு அண்ணாவி மரபே ஆசானாயிற்று. பட்டம் பெறவிருந்தோர் அதனிடம் ஆட்டமும் தாளமும் பயின்றனர். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து மேடைக்கெனச் சுருக்கப்பட்டமை பற்றி விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. எனினும், கிராமத்திடம் அறிவு இருக்கின்றது, அதனைச் சென்று கேட்டுப் பெறவேண்டும் என்ற ஏற்பு அம்முயற்சியின் அடித்தளமாய் அமைந்தது. இன்றைய செயற்றிட்டங்களிற் காணப்படாதது அவ்வேற்பே.

அனுபவம் என்ற சொல் எந்த நோக்கத்திற்கும் வளைந்துகொடுக்கும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவானோர், கல்வி தொடங்குமுன்னர் இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டனர். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த அவ்வேளையில், வன்னியிலிருந்து வந்த மாணவிக்கு அம்முகாம் எத்தகைய அனுபவமாயிருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அனுபவத்தை யார் வகுக்கின்றார், யாருக்காக வகுக்கின்றார் என்னும் வினா ஒவ்வொரு செயற்றிட்டத்தின் முன்னும் எழுப்பப்படவேண்டியது இதனாலேயே.

இவ்விமர்சனத்திற்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு. ஒன்றும் செய்யாதிருப்பதைவிட ஏதேனும் செய்வது மேலன்றோ என்பது முதலாவது. கொப்பி பெற்ற பிள்ளைக்கு அது பயனுடையதே. கொடுக்க விரும்புவோர் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்குப் புள்ளி பெறும்போது கொடை விற்பனையாகிவிடுகின்றது. மாணவருக்கு நேரமில்லை என்பது இரண்டாவது. வறிய குடும்பத்து மாணவர் பலர் வார இறுதியில் வகுப்பெடுத்தும் கூலிவேலை செய்துமே படிக்கின்றனர்; ஆதலின் இவ்வாதம் கனமுடையது. ஆயின் அது செயற்றிட்டங்களின் தொகையைக் குறைப்பதற்கும், களப்பணியைப் பாடவேளைக்குள் கொணர்வதற்கும் காரணமாகலாமேயன்றி, மேலோட்டமான பணிக்குச் சமாதானமாகாது. அரசியல் கலந்துவிடும் என்ற அச்சம் மூன்றாவது. கூலியும் காணியும் மொழியும் அரசியலாயின், அவற்றைக் காணாது திரும்புவதும் ஓர் அரசியலே.

செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு துறையும் ஒரு தோட்டத்தையோ ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவையோ தெரிந்து, குறைந்தது ஐந்தாண்டுகளேனும் அதனோடு தொடர்பு பூண்டிருத்தல் வேண்டும். மாணவர் மாறலாம், தொடர்பு அறுபடலாகாது. முதலாண்டிற் கேட்பதும் பதிவதுமே வேலை. என்ன செய்யவேண்டுமென்பதை அங்குள்ளோர் கூறட்டும். பிரதேச செயலகத்திற்கு அனுப்பவேண்டிய விண்ணப்பமொன்றை எழுதுதல், பிறப்புச் சான்றிதழில் ஒரு திருத்தம், சம்பளச் சீட்டிலுள்ள கழிவுகளை வாசித்து விளக்குதல் என அவர்களின் தேவைகள் அமையலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அவ்வுரிமை ஒரு காரியாலய மேசைக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு தேய்ந்துவிடுகின்றது என்பதைக் கலைப்பீட மாணவர் அங்குதான் கற்பர். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே குழுவிற் செல்லின், ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் தேவை தானாகவே எழும்.

திரட்டிய தகவல் திரட்டப்பட்ட இடத்துக்கே மக்களின் மொழியில் திரும்பிச் செல்லவேண்டும். கோயில் முன்றலிலோ பெரட்டுக்களத்திலோ அறிக்கை உரத்து வாசிக்கப்படட்டும். 'இது பிழை' என எழுந்து கூறும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கட்டும். புள்ளியின் ஒரு பகுதியையும் அவர்களே இடட்டும். விரிவுரையாளரை ஏமாற்றக்கூடிய அறிக்கை, அவ்வாழ்வை வாழ்வோரை ஏமாற்றமாட்டாது.

இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. பதாகைச் செலவே மிஞ்சும். தான் அறியாதன சில தன் மதிலுக்கு வெளியே உள என்பதைப் பல்கலைக்கழகம் ஏற்பதே வேண்டற்பாலது. அதற்கு மனமில்லையாயின் இச்செயற்றிட்டங்களைப் பாடவிதானத்திலிருந்து நீக்கிவிடுவது நேர்மையாகும். அந்நேரத்தில் நூலகத்திலமர்ந்து தோட்ட மக்களின் வரலாற்றை வாசிக்கும் மாணவர், ஒரு நாட் பயணத்தில் அவர்களைப் படமெடுத்துத் திரும்பும் மாணவரைவிட அவர்களைப் பற்றிக் கூடுதலாக அறிவர். பாடவிதானங்கள் அடுத்த தடவை திருத்தப்படுமுன் பீடச் சபைகளும் மாணவர் மன்றங்களும் இதனை விவாதத்திற்கு எடுத்தல் வேண்டும். அவ்விவாதத்திற்குத் தோட்டத்திலிருந்தும் கிராமத்திலிருந்தும் சிலரை அழைத்தலும் வேண்டும்.