ஐம்பது வயதில் வரும் மறதியை மூடி வைக்காதீர்கள்!

"அவருக்கு ஐம்பத்து மூணுதான் சார் ஆகுது. இந்த வயசுல போய் மறதி நோயா? ஏதோ ஆபீஸ் டென்ஷன்... ஒரு வல்லாரை லேகியம் கொடுங்க, போதும்!"

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வைத்தியம் பார்க்கிற இத்தனை வருஷத்தில் இந்த வசனத்தை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். வயது மட்டும்தான் மாறும். சில சமயம் 48, சில சமயம் 57. சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் தினமும் கையாள்கிற நானே சொல்கிறேன்... லேகியம் அப்புறம். முதலில் ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும்!

மறதி நோய் என்றாலே எண்பது வயதுத் தாத்தாவைத்தான் நினைக்கிறோம். ஆனால் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் 1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் முதன்முதலாகப் பார்த்து எழுதி வைத்த நோயாளிக்கு வயது 51. ஒரு ரயில்வே ஊழியரின் மனைவி. விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்து ரயில்வே குடியிருப்பில் நாம் பார்க்கிற குடும்பம் மாதிரி என்றே வைத்துக்கொள்ளுங்களேன். அந்த அம்மாவிடம் முதலில் தெரிந்தது மறதி அல்ல. கணவர் மேல் சந்தேகம்! பிறகுதான் சமையலில் தப்பு, பொருளை எங்கேயோ ஒளித்து வைப்பது எல்லாம். 1906-ல் இறந்துபோனார். 1910-ல் நோய்க்கு அந்த டாக்டரின் பெயரே வந்தது. நம்ம ஊராக இருந்தால் அந்த அம்மாவை 'சந்தேக புத்தி' என்று சொல்லியிருப்போம். அல்லது மந்திரிக்க அழைத்துப் போயிருப்போம்.

65 வயதுக்கு முன்னால் தொடங்கினால் அதை இளவயது டிமென்ஷியா என்கிறார்கள். வயதானவர்களுக்கு வருவதைவிட இது அபூர்வம்தான். ஆனால் ஒரு வீட்டில் வந்துவிட்டால் அது வேறு மாதிரி அடிக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்திருக்காது, பையன் காலேஜில் இருப்பான், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். சம்பாதிக்கிற ஆளுக்கே இப்படி!

எப்படித் தொடங்குகிறது? என்னிடம் வந்த ஒருவர் இருபது வருஷமாகத் தினமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய் வேலை பார்த்தவர். ஒருநாள் திண்டிவனத்தில் இறங்காமல் செங்கல்பட்டு வரை போய்விட்டார். தூங்கிவிட்டேன் என்றார், வீட்டிலும் நம்பினார்கள். அடுத்த மாதம் அதே மாதிரி. இந்த முறை தூங்கவில்லை; எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பதே பிடிபடவில்லை. இதற்கிடையில் மளிகைக் கடையில் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணத் தெரியாமல் நின்றிருக்கிறார். அண்ணாச்சி சிரித்திருக்கிறார். அன்றோடு கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்! தனக்கு ஏதோ ஆகிறது என்று முதலில் தெரிவது நோயாளிக்குத்தான். அதை மறைக்க அவர் படுகிற பாடு இருக்கிறதே... கோபப்படுவார், சொந்தக்காரர் விசேஷங்களுக்கு வரமாட்டேன் என்பார், கேட்ட கேள்விக்குச் சிரித்தே மழுப்புவார். வீட்டில் 'திமிர்' என்பார்கள். ஆபீஸில் மெமோ கொடுப்பார்கள்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு, கேஸை மூடாமல் விடுவது, பாலை வைத்துவிட்டு மறப்பது... எல்லாவற்றுக்கும் 'மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான்' என்று ஒரே பதில். ஒரு அம்மா, மருமகள் பெயர் தடுமாறிய பிறகும் வாசலில் புள்ளிக் கோலம் மட்டும் பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகக் கை பழகிய வேலை கடைசியில்தான் போகும். அதனாலேயே வீட்டில் இருப்பவர்கள், "நல்லாத்தானே இருக்காங்க" என்று ஏமாந்து போகிறார்கள்.

இன்னொரு வகை உண்டு. மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்குவது. இதில் ஆரம்பத்தில் ஞாபகம் நன்றாகவே இருக்கும். குணம்தான் மாறும். கூச்சம் போய்விடும், இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுவார், கண்டபடி செலவு செய்வார், வீட்டில் சாவு விழுந்தால்கூடக் கண் கலங்காது. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இந்த வகைதான் என்று 2023-ல் அவர் குடும்பமே வெளிப்படையாகச் சொன்னது. இங்கே இதே மாற்றத்துக்குச் 'செய்வினை' என்று பெயர்.

சரி, ஸ்கேன் எதற்கு என்கிறீர்களா? மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, எப்போதோ தலையில் அடிபட்டு மெல்லக் கசிந்த ரத்தக் கட்டு, மூளையில் நீர் சேர்வது, நீண்ட நாள் குடி, தீராத மன அழுத்தம்... இவையும் மறதியாகவே வேஷம் போடும். கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் பலருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும். ஆறு மாதம் லேகியம் தின்று காலத்தைக் கடத்தினால், திருப்பக்கூடியதும் திருப்ப முடியாததாகிவிடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. மூளை நரம்பியல் நிபுணர் வேண்டும் என்றால் புதுச்சேரி ஜிப்மர் ஒன்றும் தூரமில்லை. பி.பி.யும் சர்க்கரையும் மூளையின் ரத்தக் குழாய்களைக் கெடுத்து மறதியைக் கொண்டுவரும் என்பதால், 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீடு தேடி வருகிற மாத்திரையை டப்பாவில் சேர்த்து வைக்காமல் விழுங்குங்கள்.

அப்படியானால் வல்லாரைக்கு வேலையே இல்லையா? உண்டு. கீரையாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் அழிந்துபோன மூளைச் செல்லை அது முளைக்க வைக்காது. அலோபதியில் தருகிற மாத்திரைகளும் நோயைக் குணமாக்குவதில்லை; சிலருக்குக் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்துகின்றன, அவ்வளவுதான். எங்கள் மருந்தைக் கொடுத்தால் அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும், அவர் மாத்திரை எங்களுக்குத் தெரிய வேண்டும். லாட்ஜில் ரூம் போட்டு, 'மூன்று மாதத்தில் ஞாபக சக்தி திரும்பும்' என்று பேர் தெரியாத பொடியை ஆயிரக்கணக்கில் விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சித்த மருத்துவத்தின் பெயரைக் கெடுப்பதே இவர்கள்தான்.

இனி ஒரு கசப்பான விஷயம். 2023 பிப்ரவரியில் நம்ம விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் பற்றிய செய்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே சேர்த்த முதியவரைக் காணோம் என்று வழக்கு உயர் நீதிமன்றம் போன பிறகுதான் கதவு திறந்தது. 140-க்கும் அதிகமானவர்கள் மீட்கப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆசிரமத்தை மட்டும் திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியுமா? வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இந்த மாவட்டத்தில் நல்ல இடம் எங்கே இருக்கிறது? சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்ஷியாவுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. திண்டிவனத்துக் குடும்பம் தினமும் அங்கே போய் வர முடியாதே!

அரசாங்கத்துக் கணக்கிலும் ஒரு ஓட்டை. 2023-ல் வெளியான பெரிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்றது. அத்தனை பேரும் 60 வயதைத் தாண்டியவர்கள். முதியோர் திட்டங்கள், முதியோர் உதவி எண் எல்லாமே அறுபதிலிருந்துதான் ஆரம்பம். 53 வயதுக்காரர் எந்த வரிசையில் நிற்பார்? வயது பார்க்காமல் பேசலாம் என்றால் 14416 'டெலி மானஸ்' எண் இருக்கிறது. மாவட்டத் தலைநகரிலாவது ஒரு பகல் நேரப் பராமரிப்பு மையம் வேண்டும் என்பது என் கட்சி.

அரசு வேலையில் இருப்பவர் என்றால் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்! 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்தச் சட்டம் சொல்லும் மனநோய் விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் வருகிறது. ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேங்க் கணக்கை இருவர் பெயருக்கு மாற்றுவது, நாமினி, உயில் எல்லாவற்றையும் அவருக்குப் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே அவரையும் உட்கார வைத்துப் பேசி முடியுங்கள். 'பவர் வாங்கி வெச்சிருக்கோம்' என்று இருக்காதீர்கள்; புத்தி முழுதாகத் தடுமாறிய பிறகு பவர் பத்திரம் செல்லாது. பைபாஸ் ஓரத்து மனைக்கு விலை ஏறிக்கிடக்கிற ஊர் இது. மறதிக்காரரிடம் கையெழுத்து வாங்க ஆள் காத்திருக்கும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று வருகிறவர்கள் எல்லாம் பரீட்சை வைக்காதீர்கள். "மாமா, நான் உங்க தங்கச்சி பையன் வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். பைக் சாவியை வாங்கி வையுங்கள். பட்டாணி உரிக்க, துணி மடிக்க, பூ தொடுக்கக் கொடுங்கள். தப்பாகச் செய்தால் அவர் பார்க்கும்போது திருத்தாதீர்கள். சாயங்காலம் இருட்டும்போது சிலருக்கு அலைச்சல் அதிகமாகும், அந்த நேரத்தில் வீட்டில் விளக்கைச் சீக்கிரம் போட்டுவிடுங்கள்.

கூட இருக்கிற மனைவியோ கணவரோ ராத்திரி தூங்குவதே இல்லை. என்னிடம் நோயாளியைக் கூட்டி வருகிறவருக்கும் சேர்த்தே நான் பி.பி. பார்ப்பேன்; பாதிப் பேருக்கு ஏறித்தான் கிடக்கிறது. நாத்தனார், கொழுந்தன், தம்பி யாராவது வாரத்தில் ஒரு மத்தியானம் வந்து உட்காருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வேண்டாம். அவர்கள் ஒரு மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி எழுந்திருக்கட்டும்.